குழுப் பக்கத்தில் ஆட்களைக் காணவில்லை: வேர்ட்பிரஸ் உறுப்பினர் செருகுநிரல் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

வேர்ட்பிரஸ் தளத்தில் 'எங்கள் குழு' பக்கம் போடுவதற்கென்றே செருகுநிரல்கள் (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின்கள்) ஏராளம். பெயரும் விலையும் வேறுபட்டாலும் பெரும்பாலானவை உள்ளுக்குள் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒவ்வோர் உறுப்பினரையும் ஒரு தனிப் பதிவாகத் தரவுத்தளத்தில் வைக்கும். பக்கத்தில் ஷார்ட்கோடோ (சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் கட்டளை) பிளாக்கோ (வேர்ட்பிரஸ் திருத்தியில் சேர்க்கும் உள்ளடக்கத் துண்டு) இருக்கும் இடத்தில் அந்தப் பதிவுகளை எடுத்து அட்டைகளாக அடுக்கும். அலங்காரத்துக்கு ஒரு சிஎஸ்எஸ் கோப்பையும், நகரும் வரிசைக்கும் வடிகட்டும் பொத்தான்களுக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையும் சேர்த்து அனுப்பும். ஆகவே கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும்: பதிவில், பக்கத்தில், தோற்றத்தில்.

எந்த இடம் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. பலரும் முதல் வேலையாகச் செருகுநிரலை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். முடக்கினால் உறுப்பினர் பதிவுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கும். அழிப்பது வேறு. சில செருகுநிரல்கள் தாம் அழிக்கப்படும்போது தம் பதிவுகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும்படி எழுதப்பட்டிருக்கின்றன. நாற்பது ஆசிரியர்களின் படமும் குறிப்பும் அந்த ஒரு சொடுக்கில் போய்விடும்.

முதலில் டாஷ்போர்டில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து, ஆட்கள் இருக்கிறார்களா, 'பப்ளிஷ்டு' நிலையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து, உலாவியின் தனிமறைவுச் சாளரத்தில் குழுப் பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்துங்கள். பக்கத்தின் மூலநிரல் தெரியும். அதில் ஓர் உறுப்பினரின் பெயரைத் தேடுங்கள். பெயர் மூலநிரலில் இருந்தும் திரையில் இல்லை என்றால் சிக்கல் தோற்றத்தில் இருக்கிறது. மூலநிரலிலேயே இல்லை என்றால் ஷார்ட்கோடிலோ பதிவுகளை எடுக்கும் நிபந்தனையிலோ இருக்கிறது. பக்கம் வந்து சேர்ந்தபின் ஆட்களைத் தனியாக வரவழைக்கும் செருகுநிரல்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை

இது கேச், அதாவது வேகத்துக்காகப் பக்கத்தின் நகலைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு. நீங்கள் உள்நுழைந்திருக்கும்போது பெரும்பாலான கேச் செருகுநிரல்கள் உங்களுக்குப் புதிய பக்கத்தைக் கொடுக்கும், வெளியாட்களுக்குச் சேமித்து வைத்த பழைய பக்கத்தைக் கொடுக்கும். கேச் செருகுநிரலில் சேமித்ததை அழியுங்கள், பிறகு ஹோஸ்டிங் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒரு கேச் இருக்கிறதா என்று பார்த்து அதையும் அழியுங்கள், கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை முன்னால் இருந்தால் அங்கேயும் அழியுங்கள். மூன்றில் ஒன்றை விட்டாலும் பழைய பக்கம் தொடரும். கீழே சொல்லும் எந்தத் திருத்தத்தைச் செய்தாலும் அதன்பின் இதைச் செய்துவிட்டுத்தான் பலனைப் பார்க்க வேண்டும்.

ஆட்களுக்குப் பதில் ஷார்ட்கோடே எழுத்தாகத் தெரிகிறது

சதுர அடைப்புக்குறியோடு அப்படியே திரையில் வந்து நிற்கிறது என்றால், அந்தப் பெயரில் எந்த ஷார்ட்கோடும் வேர்ட்பிரஸுக்குத் தெரியவில்லை என்று பொருள். செருகுநிரல் முடங்கியிருக்கலாம். கட்டணப் பதிப்புக்கு மாறும்போது ஷார்ட்கோடின் பெயர் மாறியிருக்கலாம். ஒட்டும்போது அடைப்புக்குறிக்குள் தடித்த எழுத்துக்கான குறியோ வேறு ஒட்டடையோ புகுந்திருக்கலாம். இன்னொன்று, ஷார்ட்கோடு 'கோடு' பிளாக்குக்குள் போயிருக்கலாம். அந்த பிளாக் நிரலை எழுத்தாகக் காட்டுவதற்கென்றே இருப்பது, ஆகவே அடைப்புக்குறியைச் செயலிழக்கச் செய்துவிடும். 'ஷார்ட்கோடு' என்ற பெயரிலேயே தனி பிளாக் இருக்கிறது. அதில் போடுங்கள்.

இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ஷார்ட்கோடு இயங்குகிறது, ஆனால் குழு, நெடுவரிசை எண்ணிக்கை என்று நீங்கள் கொடுத்த எதையும் கண்டுகொள்வதில்லை. மேற்கோள்குறியை உற்றுப் பாருங்கள். வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ இருந்து நகலெடுத்திருந்தால் நேர் மேற்கோளுக்குப் பதில் வளைந்த மேற்கோள் வந்திருக்கும். வளைந்ததை வேர்ட்பிரஸ் மேற்கோளாக எடுத்துக்கொள்ளாது. அழித்துவிட்டு விசைப்பலகையிலிருந்து அடியுங்கள்.

பக்கம் வருகிறது, ஆட்கள் ஒருவரும் இல்லை

பட்டியலில் எல்லோரும் 'டிராஃப்ட்' நிலையில் இருப்பது ஒரு காரணம். ஷார்ட்கோடில் குழுவின் பெயரைக் கொடுத்திருப்பது இன்னொன்று. பல செருகுநிரல்கள் எதிர்பார்ப்பது குழுவின் பெயரை அல்ல, அதன் ஸ்லக்கை (இணைய முகவரியில் போகும் பெயர் வடிவம்) அல்லது அடையாள எண்ணை.

தமிழும் ஆங்கிலமுமாக இரு மொழித் தளம் நடத்துகிறவர்களுக்கு மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. பாலிலாங், டபிள்யூபிஎம்எல் போன்ற மொழிச் செருகுநிரல்களில் உறுப்பினர் என்ற பதிவு வகையை 'மொழிபெயர்க்கத்தக்கது' என்று குறித்துவிட்டால், ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு மொழி ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் மட்டும் ஆட்களைச் சேர்த்திருந்தால் தமிழ்ப் பக்கம் வெறுமையாக நிற்கும். அது கோளாறு அல்ல, கேட்டபடி நடக்கிறது. தமிழிலும் ஆட்களைச் சேருங்கள்.

எத்தனை பேரைச் சேர்த்தாலும் பத்துப் பேர்தான் வருகிறார்கள்

சரியாகப் பத்து என்றால் 'செட்டிங்ஸ்', 'ரீடிங்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் எத்தனை வலைப்பதிவு காட்டலாம் என்ற இடத்தில் 10 என்று இருக்கும். நிறுவும்போதே வேர்ட்பிரஸ் வைக்கும் எண் அது. செருகுநிரல் தனக்கென்று ஓர் எண்ணிக்கை சொல்லாமல் பதிவுகளைக் கேட்டால், வேர்ட்பிரஸ் இந்த எண்ணையே எடுத்துக்கொள்ளும். இங்கே 100 என்று மாற்றுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. மாற்றினால் உங்கள் வலைப்பதிவு முகப்பிலும் நூறு பதிவு கொட்டும். செருகுநிரலின் சொந்த அமைப்பிலோ ஷார்ட்கோடிலோ எண்ணிக்கையைக் கொடுப்பதுதான் முறை. வேர்ட்பிரஸ் வழக்கப்படி -1 என்றால் 'எல்லாம்' என்று பொருள். பெரும்பாலான செருகுநிரல்களும் அதை ஏற்கும்.

சேமித்ததும் கடைசி ஆட்கள் மறைந்துவிடுகிறார்கள்

எல்லா உறுப்பினர்களையும் ஒரே படிவத்தில், ஒருவர் கீழ் ஒருவராக நிரப்பச் சொல்லும் செருகுநிரல்களில் வரும் நோய் இது. ஐம்பதாவது ஆள் வரைக்கும் ஒழுங்காகப் போகும். அதற்கு மேல் சேர்த்துச் சேமித்தால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கடைசி வரிசை காணாமல் போகும்.

காரணம் பிஎச்பி, அதாவது வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி. ஒரு படிவத்திலிருந்து எத்தனை புலங்களை ஏற்கலாம் என்பதற்கு அதில் ஓர் உச்சவரம்பு உண்டு. இயல்பு மதிப்பு 1000. ஓர் உறுப்பினருக்குப் பெயர், பதவி, படம், குறிப்பு, மின்னஞ்சல், சமூக ஊடக இணைப்புகள், நிறம் என்று இருபது புலம் இருந்தால் ஐம்பது பேரோடு ஆயிரம் முடிந்துவிடும். மிச்சத்தைப் பிஎச்பி வாங்காமலே விட்டுவிடும். 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்' என்ற அந்த மதிப்பை 3000 ஆக்கச் சொல்லி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். பல கட்டுப்பாட்டுப் பலகங்களில் நீங்களே மாற்றலாம். ஆள் எண்ணிக்கை நூறைத் தாண்டும் என்று தெரிந்தால், ஒருவருக்கு ஒரு பதிவு என்ற முறையில் இயங்கும் செருகுநிரலுக்கு மாறிவிடுவதே நல்லது.

வடிகட்டும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

'மருத்துவர்கள்', 'செவிலியர்கள்', 'அலுவலகம்' என்று பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன. 'எல்லோரும்' மட்டும் வேலை செய்கிறது. மற்றதை அழுத்தினால் பக்கம் வெறுமையாகிறது, அல்லது அசையாமல் நிற்கிறது. குழுப் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்த தளத்தில் இதே செருகுநிரல் குறையில்லாமல் ஓடும். ஆகவே ஆங்கில உதவிப் பக்கங்களில் இதற்கு விடை கிடைப்பது அரிது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நீங்கள் ஒரு குழுவுக்குத் தமிழில் பெயர் வைத்தால், வேர்ட்பிரஸ் அதிலிருந்து ஒரு ஸ்லக்கைத் தானே உருவாக்கும். முகவரியில் போகும் பெயர் என்பதால் தமிழ் எழுத்துகளை அப்படியே வைக்காமல், விழுக்காட்டுக் குறியும் எண்ணும் கலந்த வடிவத்துக்கு மாற்றும். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் இந்த வடிவத்தில் மூன்று எழுத்தாகிறது. ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. இங்கே குறி என்பது நாம் படிக்கும் எழுத்து அல்ல. உயிர்மெய்யில் வரும் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். 'மருத்துவர்கள்' என்ற சொல்லில் நம் கணக்குக்கு எட்டு எழுத்து, யூனிகோடு கணக்குக்குப் பதின்மூன்று குறி, ஸ்லக்கில் 117 எழுத்து.

இங்கே இரண்டு முறிவுகள் நேர்கின்றன. பொத்தானை அட்டையோடு இணைக்க, செருகுநிரல் இந்த ஸ்லக்கையே சிஎஸ்எஸ் வகுப்புப் பெயராகப் பயன்படுத்துகிறது. அப்படி எழுதும்போது வகுப்புப் பெயரைச் சுத்தம் செய்யும் வேர்ட்பிரஸ் செயற்கூறு, விழுக்காட்டுக் குறியோடு வருவதையெல்லாம் உதறிவிடும். 'மருத்துவர்கள்' என்ற ஸ்லக் முழுவதும் அதுதான் என்பதால் மிஞ்சுவது வெற்றிடம். சுத்தம் செய்யாமல் அப்படியே எழுதும் செருகுநிரல் என்றால் ஜேக்வெரி (வேர்ட்பிரஸோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) அடிவாங்கும். விழுக்காட்டுக் குறி அதன் தேர்வு இலக்கணத்தில் செல்லாது. எஃப்12 விசையை அழுத்தி 'கன்சோல்' தாவலைத் திறந்துவைத்துப் பொத்தானை அழுத்துங்கள். 'சின்டாக்ஸ் எரர்' என்று சொல்லும் சிவப்பு வரி வந்தால் இதேதான்.

இன்னொரு முறிவு நீளத்தில். ஸ்லக்குக்கு இடம் 200 எழுத்துதான். 'நிர்வாகக் குழு உறுப்பினர்கள்' என்ற பெயருக்கு 26 குறி, இரண்டு இணைப்புக்கோடு. மொத்தம் 236 எழுத்து தேவை. வேர்ட்பிரஸ் 200இல் வெட்டும். மிஞ்சுவது 'நிர்வாகக்-குழு-உறுப்பினர'. கடைசிப் புள்ளி கூட இல்லை. முழுப் பெயரையும் ஷார்ட்கோடில் எழுதிவிட்டு ஏன் வரவில்லை என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

தீர்வு எளிது. குழுக்களைத் திருத்தும் பக்கத்தில் பெயரைத் தமிழிலேயே விட்டுவிட்டு, ஸ்லக் பெட்டியில் மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் சுருக்கமாக ஒரு சொல் கொடுங்கள். பொத்தானில் தமிழ்ப் பெயரே தெரியும். ஷார்ட்கோடில் பழைய ஸ்லக் இருந்தால் அதையும் மாற்றுங்கள். உறுப்பினர்களின் தனிப்பக்க ஸ்லக்குகளுக்கும் இதையே செய்தால், இணைப்பை வாட்ஸ்அப்பில் பகிரும்போது அரை முழ நீள முகவரி போகாமல் இருக்கும்.

குறிப்பின் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி

அட்டையில் குறிப்பின் முதல் சில எழுத்துகளை மட்டும் காட்டும்படி வைத்திருப்பீர்கள். செருகுநிரலை எழுதியவர் பைட் கணக்கில் வெட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தமிழில் மூன்று பைட்டின் நடுவே கத்தி விழுந்தால் உலாவிக்கு அது எழுத்தே அல்ல. உடனே அந்த வைரம்.

எழுத்துக் கணக்கில் வெட்டும் செருகுநிரலும் முழுக்க நம்பத்தக்கதல்ல. வைரம் வராது, ஆனால் துணைக்குறியோ புள்ளியோ உதிர்ந்து 'ஆசிரியர்' என்பது 'ஆசிரியர' என்று நிற்கும். எத்தனை சொல் என்று கேட்கும் அமைப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள், சொல் இடைவெளியில் வெட்டினால் சேதமில்லை. அதைவிட மேல், சுருக்கக் குறிப்புக்கென்று தனிப் புலம் இருந்தால் அதில் இரண்டு வரியை நீங்களே எழுதிவிடுவது. எப்படியும் யாருடைய வாழ்க்கைக் குறிப்பும் முதல் இருபது சொல்லில் சுவையாக இருப்பதில்லை.

பெயர், பதவி எல்லாமே கேள்விக்குறி வரிசையாகத் தெரிந்தால் அது வேறு சங்கதி. தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியபோது தரவுத்தளத்தின் எழுத்துக்குறியாக்கம் பொருந்தாமல் ஏற்றப்பட்டிருக்கிறது. கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்ட எழுத்தை மீட்க எந்த மாற்றியாலும் முடியாது. பழைய காப்புப்படியை யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தோடு மறுபடி ஏற்றுவதுதான் வழி. 2015இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அந்தக் குறியாக்கத்தையே பயன்படுத்துகிறது. கேள்விக்குறிக்குப் பதில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் தரவு இன்னும் உயிரோடு இருக்கிறது, மீட்டுவிடலாம். அந்த நிலையில் எதையும் திருத்திச் சேமிக்காமல் தரவுத்தளம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

படங்கள் சரியில்லை

'சரியில்லை' என்பதில் பல வகை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

உறுப்பினரைத் திருத்தும் பக்கத்தில் 'ஃபீச்சர்டு இமேஜ்' பெட்டியே இல்லை என்றால், உங்கள் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தொகுப்பு) அந்த வசதியை வேர்ட்பிரஸிடம் அறிவிக்கவில்லை. மிகப் பழைய தீம்களிலும் கையால் எழுதிய தீம்களிலும் இது வரும். தீம் எழுதியவர் ஒரு வரி சேர்த்தால் போதும்.

எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிற நிழலுருவம் வருகிறது என்றால், உங்கள் செருகுநிரல் தனி உறுப்பினர் பதிவுகளை வைத்துக்கொள்ளாமல் தளத்தின் பயனர் கணக்குகளையே எடுத்துக் காட்டுகிறது. அந்தப் படம் கிராவதார் சேவையிலிருந்து, மின்னஞ்சல் முகவரியை வைத்து வருவது. ஒவ்வொருவரும் அங்கே படம் ஏற்ற வேண்டும். அலுவலகத்தில் முப்பது பேரை அதற்கு இணங்க வைப்பதைவிடச் செருகுநிரலை மாற்றுவது எளிது.

தலை வெட்டுப்படுகிறதா? வேர்ட்பிரஸ் படத்தை ஏற்றும் நேரத்திலேயே பல அளவுகளில் நகல்கள் எடுத்துக்கொள்கிறது. 'தம்ப்நெயில்' 150க்கு 150 சதுரம், நடுவிலிருந்து வெட்டும். ஆள் நின்றபடி எடுத்த நெட்டைப் படத்தில் நடுப்பகுதி என்பது சட்டைப் பொத்தான்தான். அமைப்பில் என்ன மாற்றினாலும் அது இனி ஏற்றும் படங்களுக்கே பொருந்தும், ஏற்கெனவே ஏற்றியவற்றைத் தொடாது. 'ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ்' என்ற செருகுநிரலைக் கொண்டு பழைய படங்களின் நகல்களைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் எந்த அமைப்பும் முகம் எங்கே இருக்கிறது என்று அறியாது. முகம் நடுவில் வரும்படி எல்லாப் படங்களையும் 600க்கு 600 சதுரமாக முன்கூட்டியே வெட்டி ஏற்றிவிட்டால், தலை வெட்டுப்படுவது, அட்டைகள் உயரம் குறைந்தும் கூடியும் நிற்பது, பக்கம் மெதுவாகத் திறப்பது ஆகிய மூன்றும் ஒரே வேலையில் தீரும். ஒரு மணி நேர அலுப்பு, அவ்வளவுதான்.

ஏற்றும்போதே மறுத்தால் அளவைப் பாருங்கள். பிஎச்பியின் இயல்பு வரம்பு 2 எம்பி. இன்றைய கைபேசிப் படம் அதைச் சுலபமாகத் தாண்டும். ஐபோன் படங்கள் எச்ஈஐசி வடிவத்தில் வரும். 2024 நவம்பரில் வந்த 6.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அதைத் தானே ஜேபெக் ஆக்கிக்கொள்ளும், சர்வரில் அதற்கான வசதி இருந்தால். இல்லாவிட்டால் கணினியிலேயே மாற்றிக்கொண்டு ஏற்றுங்கள்.

அட்டைகள் இல்லை, பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெறும் பட்டியலாக இருக்கின்றன

சிஎஸ்எஸ் வந்து சேரவில்லை. வேகம் கருதிப் பல செருகுநிரல்கள், பக்கத்தின் உள்ளடக்கத்தில் தம் ஷார்ட்கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் சிஎஸ்எஸ் கோப்பை அனுப்புகின்றன. நீங்கள் ஷார்ட்கோடை அடிப்பட்டையிலோ பக்கப்பட்டையிலோ தீமின் வார்ப்புருவிலோ வைத்திருந்தால் அந்தச் சோதனையில் அது அகப்படாது. 'எல்லாப் பக்கங்களிலும் ஏற்று' என்பது போன்ற தேர்வு செருகுநிரல் அமைப்பில் இருக்கும், அதை இயக்குங்கள்.

அங்கே தேர்வு எதுவும் இல்லை, ஷார்ட்கோடும் பக்கத்தின் உள்ளேதான் இருக்கிறது என்றால், கோப்புகளைச் சுருக்கி ஒன்றாக்கும் வேகமூட்டுச் செருகுநிரல்மேல் சந்தேகப்படுங்கள். அதைக் கொஞ்ச நேரம் முடக்கிப் பாருங்கள். சரியானால், குழுச் செருகுநிரலின் கோப்புகளை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி இயக்குங்கள்.

நகரும் வரிசை நகரவில்லை, சொடுக்கினால் விரியும் பெட்டி விரியவில்லை

மறுபடியும் எஃப்12, கன்சோல். சிவப்பு வரியில் டாலர் குறியைச் சொல்லி 'நாட் எ ஃபங்ஷன்' என்று வந்தால் பழைய ஜேக்வெரி நிரல். 2020இல் இரண்டு மாற்றங்கள் வந்தன: ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு, பழைய நிரல்களைத் தாங்கிப் பிடித்த ஜேக்வெரி மைக்ரேட் துணைக்கோப்பைக் கைவிட்டது. டிசம்பரில் வந்த 5.6 பதிப்பு ஜேக்வெரியையே 3.5.1க்கு உயர்த்தியது. அதற்குப் பிறகும் புதுப்பிக்கப்படாத செருகுநிரல் என்றால் அதோடு போராடுவதில் பயனில்லை.

சிவப்பு வரியே இல்லை, வரிசை மட்டும் நூல்போல் ஒடுங்கிக் கிடக்கிறது, உலாவிச் சாளரத்தின் அளவைக் கொஞ்சம் மாற்றினால் சட்டென்று விரிகிறது என்றால், அது ஒரு தாவலுக்குள்ளோ மடிப்புக்குள்ளோ இருக்கிறது. மறைந்திருக்கும் பெட்டியின் அகலம் சுழியம். அந்த நேரத்தில் கணக்குப் போட்ட வரிசை சுழிய அகலத்துக்கே தன்னை அமைத்துக்கொண்டது. தாவலுக்குள் நகரும் வரிசையைத் தவிர்த்துச் சாதாரணக் கட்ட அமைப்பைப் போடுங்கள்.

வேறொரு செருகுநிரலோடு மோதல் என்று சந்தேகமா? எல்லாவற்றையும் முடக்கிப் பாருங்கள் என்பது உதவிக்குழுக்களில் தேய்ந்துபோன அறிவுரை. மக்கள் வந்துபோகும் தளத்தில் அதைச் செய்ய வேண்டியதே இல்லை. வேர்ட்பிரஸ் சமூகமே பராமரிக்கும் 'ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்' செருகுநிரலில் ஒரு சோதனை நிலை இருக்கிறது. அதை இயக்கினால் உங்களுக்கு மட்டும் எல்லாச் செருகுநிரல்களும் அணைந்த தளம் தெரியும். வருகையாளர்களுக்கு எதுவும் மாறாது. குழுச் செருகுநிரலை முதலில் இயக்கி, மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

சமூக ஊடகச் சின்னங்கள் வெற்றுச் சதுரங்களாகத் தெரிகின்றன

சின்னங்கள் பெரும்பாலும் ஃபான்ட் ஆசம் எழுத்துரு. தீம் ஒரு பதிப்பையும் செருகுநிரல் இன்னொன்றையும் ஏற்றினால் பிந்தியது முந்தியதை மிதிக்கும். 4ஆம் பதிப்புக்கும் 5க்கும் இடையில் நிறுவனச் சின்னங்களின் வகுப்புப் பெயரே மாறியது. இரண்டில் ஒன்றை அணைக்கும் தேர்வைத் தேடுங்கள். முகவரியில் மூன்று டபிள்யூ போட்டு வந்தால் சதுரம், போடாமல் வந்தால் சின்னம் என்றால் எழுத்துரு வேறு முகவரியிலிருந்து அழைக்கப்படுகிறது, உலாவி பாதுகாப்பு கருதித் தடுக்கிறது. ஒரு முகவரியை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள்.

பெயரைச் சொடுக்கினால் 404 (பக்கம் இல்லை)

'செட்டிங்ஸ்', 'பெர்மாலிங்க்ஸ்' பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் 'சேவ் சேஞ்சஸ்' பொத்தானை மட்டும் அழுத்துங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்படும்; பெரும்பாலும் அத்தோடு தீரும். தீராவிட்டால், நீங்கள் உருவாக்கிய குழுப் பக்கத்தின் ஸ்லக்கும் செருகுநிரல் தன் பதிவு வகைக்கு வைத்திருக்கும் ஸ்லக்கும் ஒன்றாக இருக்கலாம். ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி அதே பொத்தானை அழுத்துங்கள்.

தலைமை ஆசிரியர் கடைசியில் வருகிறார்

வரிசையைத் தேதிப்படி விட்டால் கடைசியாகச் சேர்த்தவர் முதலில் வருவார். பெயர்ப்படி வைத்தால் நம் ஊர்ப் பெயர்களில் முன்னெழுத்துதான் முதலில் நிற்கும், ஆகவே எல்லோரும் தந்தை பெயரின் வரிசைப்படி அடுக்கப்படுவார்கள். இரண்டும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் 'ஆர்டர்' புலத்தில் எண் கொடுத்து, அதன்படி அடுக்கச் சொல்லுங்கள். 10, 20, 30 என்று இடைவெளி விட்டுக் கொடுத்தால் நடுவில் ஒருவரை நுழைக்கும்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்காது.

தளமே விழுந்துவிட்டது

செருகுநிரலைப் புதுப்பித்ததும் 'கிரிட்டிக்கல் எரர்' என்ற ஒற்றை வரி. 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் இப்படிப்பட்ட நேரத்தில் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பை அனுப்பும். எந்தச் செருகுநிரல் காரணம் என்பதும் அந்த மடலில் இருக்கும். மடல் வரவில்லை என்றால், ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளரில் செருகுநிரல்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்து, குழுச் செருகுநிரலின் கோப்புறைப் பெயரோடு ஓர் எழுத்தைச் சேருங்கள். வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் முடக்கிவிடும், தளம் எழுந்துவிடும், பதிவுகளுக்குச் சேதமில்லை. ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பியை 8க்கு உயர்த்திய மறுநாள் இது நடந்திருந்தால், செருகுநிரல் பழைய செயற்கூறுகளை நம்பி எழுதப்பட்டது என்று அறிக. தற்காலிகமாகப் பிஎச்பியை இறக்கி, அந்த அவகாசத்தில் மாற்றுச் செருகுநிரலைத் தேடுங்கள்.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியபின் ஆட்கள் இருக்கிறார்கள், அமைப்புகள் மட்டும் போய்விட்டன

யாரோ தரவுத்தளத்தில் பழைய முகவரியை நேரடியாகத் தேடி மாற்றியிருக்கிறார்கள். செருகுநிரல்கள் தம் அமைப்புகளை ஒரே சரமாகக் கோத்து, ஒவ்வொரு மதிப்பின் முன்னும் அதன் நீளத்தை எழுதி வைக்கின்றன. எச்டிடிபி என்பது எச்டிடிபிஎஸ் ஆகி முகவரியில் ஓர் எழுத்து கூடினால் எழுதிய நீளமும் உண்மை நீளமும் பொருந்தாது. பிஎச்பி அந்தச் சரம் முழுவதையும் தள்ளிவிடும். காப்புப்படியை மீட்டு, 'பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்' செருகுநிரலைக் கொண்டு மாற்றுங்கள். அது நீளத்தையும் சேர்த்தே திருத்தும்.

வேலையை விட்டுப்போனவர் கூகுளில் இன்னும் வருகிறார்

நீங்கள் காட்டியது அட்டைகளை மட்டும்தான். ஆனால் பல செருகுநிரல்கள் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு தனிப்பக்கத்தையும் சத்தமில்லாமல் உருவாக்கி வைக்கின்றன. 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே தயாரிக்கும் தளவரைபடத்தில் அந்தப் பக்கங்களும் இடம்பெறும், கூகுள் வந்து எடுத்துக்கொள்ளும். அட்டை வரிசையிலிருந்து ஒருவரைக் குழு மாற்றி ஒளித்தாலும் தனிப்பக்கம் அப்படியே திறந்திருக்கும், கைபேசி எண்ணோடும் மின்னஞ்சலோடும்.

தனிப்பக்கம் தேவையில்லை என்றால் செருகுநிரல் அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள். தேவை என்றால், போனவரின் பதிவை 'டிராஃப்ட்' ஆக்குங்கள். படம் மட்டும் ஊடக நூலகத்தில் தங்கி, நேரடி முகவரியில் திறந்துகொண்டே இருக்கும். அதைத் தனியாக அழிக்க வேண்டும். பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் 'ரிமூவல்ஸ்' பகுதியில் பக்கத்தின் முகவரியையும் படத்தின் முகவரியையும் கொடுங்கள். அந்த நீக்கம் ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், ஆகவே பக்கம் உண்மையிலேயே 404 தருகிறதா என்று தனிமறைவுச் சாளரத்தில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.